தொலைவில் இருந்த ஆசான்

ஆசிரியரின் அருகிலிருந்து கற்பதே கல்வி என்பது பழைய கொள்கை. ஆசானை நிழல்போல் நீங்காது தொடர்ந்து, அவர் குறிப்பறிந்து ஒழுகி, கேட்டதை உளத்தில் அமைத்துக் கொள்பவனே நன்மாணாக்கன் என்று இலக்கண நூலார் கூறினர். அக்கொள்கைக்குப் புறம்பானவனாகப் பாரதக் கதையில் ஏகலைவன் காட்டப்படுகின்றான். துரோணர் தன்னை மாணாக்கனாக ஏற்க மறுத்தமையால், அவர் உருவத்தை மண்ணாற் செய்து முன்னிறுத்திக்கொண்டு அவன் வில் பயின்றான். அவன் கற்ற கலை பெரிது. எனினும் அவன் பிழை செய்தபோது அம்மண்ணுருவம் வாய் திறந்து ஒன்றும் கூறியதில்லை. அவனே எய்து, அவனே கண்டு, அவனே திருத்திக்கொண்டான். வில்லில் நேரும் பிழையால் ஓர் அம்பு வீணாகும். மருந்தில் நேரும் பிழையால் ஓர் உயிரே வீணாகும். ஆதலின், மருத்துவப் பணியை ஆசிரியர் அருகில் இன்றிக் கற்பித்தல் கூடுமோ என்னும் வினா எழுவது இயல்பே. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் இவ்வினாவுக்கு ஐம்பது ஆண்டுகளாக விடை தேடி வந்துள்ளன.

இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையில் கென்யா, தான்சானியா என்னும் நாடுகளும், அவற்றை அடுத்து உள்நாட்டில் உகாண்டாவும் அமைந்துள்ளன. தங்கானிகா 1961-ஆம் ஆண்டிலும், உகாண்டா 1962-ஆம் ஆண்டிலும், கென்யா 1963-ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் ஆட்சியினின்று விடுதலை பெற்றன. தங்கானிகா, சான்சிபார்த் தீவுகளோடு 1964-ஆம் ஆண்டில் இணைந்து தான்சானியா ஆயிற்று. விடுதலை பெற்ற காலத்தில் இந்நாடுகளில் மருத்துவர் மிகச் சிலரே இருந்தனர். அச்சிலரும் நைரோபி, தாருஸ்ஸலாம், கம்பாலா ஆகிய நகரங்களிலேயே பெரும்பாலும் தங்கினர். மக்களோ சிற்றூர்களிலும் புல்வெளிகளிலும் பரந்து வாழ்ந்தனர். கென்யாவின் வடபகுதியில், துர்க்கானா ஏரிக்கு மேற்கே லோட்வார் என்னும் ஊர் உண்டு. அங்கிருந்து நைரோபிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஆகும். வறண்ட நிலம், மழை பெய்தால் ஆற்றுப்படுகைகளில் வெள்ளம் பாய்ந்து வழி மறிக்கும்.

தொலைவு என்பது நோயாளரை எவ்வளவு வருத்துகின்றது என்பதை உகாண்டாவில் நடந்த ஓர் ஆய்வு நன்கு புலப்படுத்தியது. மித்தியானா என்னும் ஊரிலுள்ள மருத்துவமனைக்கு எங்கெங்கிருந்து நோயாளர் வருகின்றனர் என்று ஆராய்ந்தனர். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு மைல் கூடுந்தோறும், வருவோர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துகொண்டே சென்றமை தெரியவந்தது. இரண்டு மைலுக்கு ஒருமுறை பாதியாயின், பத்து மைலுக்கு அப்பால் முப்பத்திரண்டில் ஒரு பங்கினரே வருவர் என்பதை மாணவர் எளிதில் கணக்கிட்டு அறியலாம். பத்து மைலுக்கு அப்பாலுள்ள ஊரில் நோய் அவ்வாறு குறைந்துவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மாரிஸ் கிங் என்னும் ஆங்கில மருத்துவர் தொகுத்து 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று இத்தகைய செய்திகளை எடுத்துக்காட்டி, நோயாளரின் வீட்டுக்கு இயன்ற அளவு அண்மையிலேயே மருத்துவம் கிடைத்தல் வேண்டும் என்றும், அதனை மருத்துவரல்லாத பணியாளரே பெரும்பாலும் செய்ய வேண்டியிருக்கும் என்றும், மருத்துவர் அவர்களுக்கு ஆசிரியராக விளங்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. மருத்துவரை ஆசிரியராக்கிய இக்கருத்தே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து எனலாம்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1957-ஆம் ஆண்டில், மைக்கேல் உட், ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, தாமஸ் ரீஸ் என்னும் மூன்று அறுவை மருத்துவர்கள் சேர்ந்து நைரோபியில் ஓர் அறநிலையத்தைத் தோற்றுவித்தனர். மெக்கிண்டோ இரண்டாம் உலகப் போரில் தீக்காயமுற்ற வானூர்தி வீரர்களுக்கு முகம் திருத்தியமைத்துப் புகழ் பெற்றவர். சாலை செல்லாத இடத்துக்குச் சிறு வானூர்தியில் மருத்துவரே சென்று இறங்குதல் அந்நிலையத்தின் முதற்பணி. மக்கள் அவர்களைப் ‘பறக்கும் மருத்துவர்’ என்று அழைத்தனர். தொலைவிலிருந்த மருந்தகங்களுக்கு வானொலித் தொடர்புக் கருவிகளும் அமைக்கப்பட்டன. இந்நிலையமே இந்நாளில் ஆம்ரெஃப் என்னும் பெயரால் ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் பணியாற்றி வருகின்றது.

வானூர்தி வந்து இறங்குவது கண்ணுக்கு இனிய காட்சியே. ஆயினும் அது பறந்து சென்ற பின்னர் அவ்வூரில் எஞ்சியிருப்பவர் யார்? மருந்தகத்தில் தனித்து நிற்கும் செவிலி ஒருவரே. காலையில் காய்ச்சற் குழந்தையைத் தூக்கி வரும் தாய்க்கும், நண்பகலில் பாம்பு கடித்த இடையனுக்கும், நள்ளிரவில் மகப்பேற்று வலியால் துடிக்கும் பெண்ணுக்கும் அவரே மருத்துவர், அவரே மருந்தாளர், அவரே துணை. அவருடைய கை அறிந்தது எவ்வளவோ, அவ்வளவே அவ்வூரின் மருத்துவம்.

இனி, அவர் அறிந்தது என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. ஓர் எடுத்துக்காட்டு காண்க. கொசுவினால் பரவும் மலேரியாக் காய்ச்சலுக்குக் குளோரோகுயின் என்னும் மாத்திரை நெடுங்காலம் கைகண்ட மருந்தாக இருந்தது. காலப்போக்கில் நோய்க்கிருமி அம்மருந்தைத் தாங்கி வாழப் பழகிக்கொண்டது. ஆதலின் கென்யா 1998-ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டு வேறொரு மருந்தை முதல் மருந்தாக ஏற்றது. சில ஆண்டுகளில் அதுவும் பயனிழந்தது. 2004-ஆம் ஆண்டில் ஆர்ட்டிமெதர்-லுமெஃபான்ட்ரின் என்னும் கூட்டுமருந்தைக் கொள்வதென முடிவு செய்து, 2006-ஆம் ஆண்டு முதல் அரசு மருந்தகங்களில் வழங்கத் தொடங்கினர். 1985-ஆம் ஆண்டில் பயிற்சி முடித்துப் பாலைநிலத்து மருந்தகத்துக்குச் சென்ற செவிலி ஒருவர், இம்மாற்றம் எதனையும் கேள்வியுறாமல், பழைய மாத்திரையை அன்போடும் அக்கறையோடும் கொடுத்துவந்தால் விளைவு யாது? அவர் அன்பில் குறையில்லை, குழந்தை பிழைக்காது.

ஆகவே பணியாளர் தொடர்ந்து கற்றல் வேண்டும். ஆனால் அவர் கற்பதற்காக நகரத்துக் கல்லூரிக்குச் சென்று ஈராண்டு தங்கினால், மருந்தகத்தின் கதவு ஈராண்டும் அடைபடும். அவருக்கு மாற்றாக அனுப்ப மற்றொருவர் இல்லை. போனால் மருந்தகம் அடைபடும்; போகாவிடில் அறிவு அடைபடும். இம்முடிச்சை அவிழ்ப்பதற்கே தொலைநிலைக் கல்வி தேவைப்பட்டது. ஆசிரியரைத் தேடி மாணவர் செல்வதற்கு மாறாக, பாடம் மாணவரைத் தேடிச் செல்வதே அதன் முறை.

தொலைவிலிருந்து உடல்நலக் கல்வியைப் பெருமளவில் புகட்டலாம் என்பதைத் தான்சானியா 1973-ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியது. அந்நாட்டுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே முன்னாளில் பள்ளியாசிரியராக இருந்தவர். மக்கள் அவரை ‘முவாலிமு’, அதாவது ஆசிரியர் என்றே அழைத்தனர். அவர் ஆட்சிக்காலத்தில் ‘முது நி அஃப்யா’ என்னும் பேரியக்கம் நடைபெற்றது. ‘மனிதனே உடல்நலம்’ என்பது அச்சுவாகிலித் தொடரின் பொருள். பன்னிரண்டு வாரங்கள் வானொலியில் பாடங்கள் ஒலிபரப்பாயின. ஊர்தோறும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்கள் கூடி, நடுவில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு கேட்டன. கேட்டு முடிந்ததும் குழுத்தலைவர் சிறுநூல் ஒன்றினின்று படிப்பார். பின்னர் அனைவரும் கலந்து பேசி, தம் ஊரில் அவ்வாரம் செய்ய வேண்டியது யாது என்று முடிவு செய்வர். மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுக் கடுப்பு, காசநோய், தூய குடிநீர் முதலியன பாடங்களாக அமைந்தன. ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் இக்குழுக்களில் பங்கு கொண்டனர். குழுத்தலைவராகப் பயிற்சி பெற்றோர் ஏறத்தாழ 75,000 பேர். மேல்நிலையில் சிலருக்குப் பயிற்சி அளித்து, அவர் மாவட்டத்தாருக்கும், மாவட்டத்தார் ஊராருக்கும் பயிற்சி அளிக்குமாறு படிப்படியாக ஏற்பாடு செய்தமையாலேயே இவ்வளவு பேரை ஆயத்தப்படுத்த முடிந்தது.

இவ்வியக்கத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வானொலி தனித்து நின்று பயன் விளைக்கவில்லை. கேட்டவுடன் கூடிப் பேசியதும், பேசியவுடன் மண்வெட்டியை எடுத்ததுமே பயன் விளைத்தன. கழிப்பிடக் குழி தோண்டுதல், நீர் தேங்கும் பள்ளங்களைத் தூர்த்தல், வீட்டைச் சுற்றியுள்ள புதரை அகற்றுதல் ஆகியவற்றை அக்குழுக்களே செய்தன. இலக்கக்கணக்கில் கழிப்பிடங்கள் தோண்டப்பட்டன. வெறுமனே கேட்டுவிட்டுக் கலைந்து செல்லும் கூட்டமாயின், வானொலி இசைப்பதும் காற்று வீசுவதும் ஒன்றே.

ஊராருக்குக் கற்பிப்பது ஒருபுறம். ஊராரைக் காக்கும் பணியாளருக்குக் கற்பிப்பது அதனினும் அரிது. 1978-ஆம் ஆண்டில் அல்மா அட்டா நகரில் கூடிய உலக மாநாடு, அடிப்படை உடல்நலப் பணி யாவர்க்கும் கிட்டுதல் வேண்டும் என்று முழங்கிய பின்னர், அப்பணிக்குரிய ஆள்களைப் பயிற்றுவிப்பது எவ்வாறு என்னும் கவலை மிகுந்தது. 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கென்யாவில் ஆம்ரெஃப் நிலையம் அஞ்சல்வழிப் பாடங்களை ஊர்ப்புறப் பணியாளருக்கு அனுப்பி வந்தது. தொற்றுநோய்கள், குழந்தை நோய்கள், தாய்சேய் நலம், சுற்றுப்புறத் தூய்மை என்றவாறு பாடங்கள் பகுக்கப்பட்டன.

அஞ்சல்வழிப் பாடத்தை எழுதுவது வகுப்பில் பேசுவது போன்று எளிதன்று. வகுப்பறையில் ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்லி, மாணவர் முகத்தைப் பார்த்து, அது விளங்கவில்லை என்று கண்டால் மற்றொரு சொல்லால் விளக்குவார். தாளுக்கு முகம் பார்க்கத் தெரியாது. ஆதலின் பாடம் எழுதுவோர் மாணவர்க்கு எங்கே ஐயம் எழும் என்பதை முன்னரே எண்ணி, அவ்விடத்தில் ஒரு வினாவை அமைத்து, விடையைப் பாடத்தின் இறுதியில் வைப்பர். மாணவர் தாமே விடை எழுதி ஒப்பிட்டுப் பார்க்கலாம். பகுதியின் முடிவில் உள்ள பெருவினாக்களுக்கு விடை எழுதி நைரோபிக்கு அனுப்புவர். அங்குள்ள ஆசிரியர் அதனைத் திருத்தி, பிழைக்குக் காரணம் கூறிக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். ஏகலைவனுக்குக் கிட்டாத பேறு இதுவே. திருத்தம் வருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம், எனினும் வரும்.

சொல்லில் நெகிழ்ச்சி இருத்தலாகாது என்பதற்குக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிய பாடமே தக்க சான்று. வயிற்றுப்போக்கால் குழந்தை இறப்பது உடலின் நீரும் உப்பும் வெளியேறி வற்றிப்போவதனால்தான். அதற்கு வாய்வழியே உப்புச்சர்க்கரை நீர் கொடுத்தல் உயிர் காக்கும் முறை. 1971-ஆம் ஆண்டில் வங்காள அகதிகளின் முகாமில் வாந்திபேதி பரவியபோது, திலீப் மகலனபிசு என்னும் மருத்துவர் இம்முறையால் எண்ணற்றோரைக் காத்தார். உப்புப் பொட்டலம் கிடைக்காத இடத்தில் வீட்டிலேயே அந்நீரைக் கலக்கலாம். காய்ச்சி ஆறவைத்த தூய நீர் ஒரு லிட்டர். மட்டமாக வழித்த சிறுகரண்டியால் சர்க்கரை ஆறு. உப்பு அரைக் கரண்டி. இதனைக் கற்பிக்கும் பாடத்தில் ‘உப்புச் சிறிது சேர்க்க’ என்று எழுதினால் தீர்ந்தது! சமையல் செய்வார்க்கு ‘சிறிது’ என்பது ஓர் அளவு. கவலையுற்ற தாய்க்கு அது வேறோர் அளவு. உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும். கரண்டி எவ்வளவு பெரிது, மட்டமாக வழித்ததா குவித்ததா, நீர் எக்கலத்தால் அளந்தது என்பனவெல்லாம் பாடத்தில் இருத்தல் வேண்டும். படமும் வேண்டும். செய்யுள் இயற்றுவோர் ஒரு சொல்லில் பல பொருள் வைப்பர். மருத்துவப் பாடம் எழுதுவோர் ஒரு பொருளுக்குமேல் தோன்றாதவாறு சொல்லை இறுகக் கட்ட வேண்டியவராவர். இதுவும் ஒரு புலமையே.

மொழியாலும் இடர் நேர்வதுண்டு. கென்யாவில் நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. செவிலியரின் பாடம் ஆங்கிலத்தில் இருக்கும். ஊராரோடு பேசுவது சுவாகிலியிலோ ஊர் மொழியிலோ அமையும். சுவாகிலியில் ‘ஹோமா’ என்பது காய்ச்சலுக்குப் பெயர். பேச்சு வழக்கில் அச்சொல்லையே மலேரியாவுக்கும் ஆள்வர். தாய் ‘ஹோமா’ என்று சொன்னவுடன் மலேரியா என்று துணிந்து மருந்து கொடுத்துவிட்டால், குழந்தைக்கு வந்தது நுரையீரல் அழற்சியாகவும் இருக்கலாம். ஆதலின் தாயினிடம் எவ்வெவ் வினாக்களைக் கேட்க வேண்டும், குழந்தை நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகின்றது என்று எவ்வாறு எண்ண வேண்டும் என்பனவும் பாடத்தில் அடங்கும்.

இத்துணை முயன்றும் தாளால் கற்பிக்க இயலாதவை உள. கருப்பையில் குழந்தை எவ்வாறு கிடக்கின்றது என்பதைத் தாயின் வயிற்றின்மேல் வைத்த கைதான் அறியும். நரம்பில் ஊசி ஏற்றுவதை எத்தனை முறை படித்தாலும் விரல் கற்காது. இவற்றை மாவட்ட மருத்துவமனையில் மூத்தோர் ஒருவர் உடனிருந்து காட்டி, செய்வித்து, கண்ட பின்னரே ஏட்டில் கையொப்பமிடுதல் வேண்டும். தொலைநிலைக் கல்வி என்பது முற்றிலும் தொலைவிலேயே நிகழ்வது என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக. அறிவுப் பகுதி அஞ்சலில் வரும். கைத்திறனுக்கு ஆசான் அருகில் இருந்தே தீர வேண்டும். பழைய கொள்கை இங்கே தோற்றதாகாது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி முடிச்சு மேலும் இறுகியது. எய்ட்சு நோயும் காசநோயும் பரவின, புதிய மருந்துகள் வந்தன, பணியாளரோ போதவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 57 நாடுகளில் மருத்துவப் பணியாளர் மிகக் குறைவாக உள்ளனர் என்றும், அவற்றுள் 36 நாடுகள் சகாராவுக்குத் தெற்கே உள்ளன என்றும் கூறியது. உலகில் நோயால் விளையும் துன்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அப்பகுதி சுமந்தது. உலகின் மருத்துவப் பணியாளருள் அதற்கு வாய்த்தவர் நூற்றுக்கு மூவரே.

கென்யாவின் செவிலியருள் பெரும்பாலோர் சான்றிதழ்ப் பயிற்சி மட்டும் பெற்றவர். அவர்களைப் பட்டயப் படிப்பு முடித்தவராக உயர்த்த வேண்டும் என்று அந்நாட்டுச் செவிலியர் பேரவை கருதியது. அவ்வாறு உயர்த்த வேண்டியவர் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். கல்லூரிகளில் இதற்கென இருந்த இடங்களோ மிகச் சில. பழைய முறையிலேயே சென்றால் அனைவரும் படித்து முடிக்க நூறாண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டனர். நூறாண்டு கழித்துப் பட்டயம் பெறுவதற்கு எந்தச் செவிலி இருப்பார்? ஆதலின் ஆம்ரெஃப், செவிலியர் பேரவை, கென்ய அரசு, அக்சென்சர் என்னும் வணிக நிறுவனம் ஆகியவை கூடிக் கணினிவழிக் கல்வியை 2005-ஆம் ஆண்டில் தொடங்கின. பாடங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. மருத்துவமனைகளிலும் செவிலியர் பள்ளிகளிலும் கணினி நிலையங்கள் அமைக்கப்பட்டன. நாளடைவில் அவை நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்டன. செவிலியர் பணியை விடாமலே, ஓய்வு நேரத்தில் அந்நிலையம் சென்று கற்றனர். செய்முறைப் பயிற்சியை மருத்துவமனையில் பெற்றனர். ஆயிரக்கணக்கானோர் இவ்வழியில் சேர்ந்து பயின்றனர்.

அவர்களுட் பலர் அதற்கு முன் கணினியைத் தொட்டும் அறியாதவர். இருபது ஆண்டுப் பணியனுபவம் உடைய நடுவயது மாதர், சுட்டுக்கருவியைப் பிடிக்கக் கற்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மின்சாரம் தடைப்படும், நிலையம் தொலைவில் இருக்கும், கட்டணத்தைத் தம் ஊதியத்திலிருந்தே பலர் செலுத்தினர். பகலில் மருந்தகம், மாலையில் பிள்ளைகளும் அடுப்பும், இரவில் பாடம் என்று நாள் கழிந்தது. இடையில் நின்றவர்களைக் குறை கூறுவது எளிது. அவர் கழித்த ஒரு நாளைக் கழித்துப் பார்ப்பது அரிது. படித்து முடித்தவர்க்கு அதற்கேற்ற பதவியும் ஊதியமும் உடனே கிட்டாதபோது ஊக்கம் தளர்வதும் உண்மையே. இக்கல்வியை நடத்துவோர் பாடத்தைச் செம்மையாக எழுதுவதோடு தம் கடமை முடிந்தது என்று கொள்வது தகாது.

கைப்பேசி பரவிய பின்னர்ப் பாடம் இன்னும் அணுகி வந்தது. 2010-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், ஊர்தோறும் வீடு வீடாகச் சென்று உடல்நலம் விசாரிக்கும் தொண்டர்களுக்குக் கைப்பேசி வழியாகவே ஆம்ரெஃப் பாடங்களை அனுப்பத் தொடங்கியது. விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. எளிய கைப்பேசியே போதும். பாடம் சிறு சிறு எழுத்துச் செய்தியாக வரும். படிக்க இயலாதவர் குரலாகக் கேட்கலாம். ஐயம் எழுந்தால் தம் குழுவினரிடமும் மேற்பார்வையாளரிடமும் அதே கருவியில் வினவலாம். அஞ்சலில் வாரக்கணக்கில் காத்திருந்த திருத்தம் அன்றைக்கே வந்துவிடுகின்றது. ஆயினும் மின்சாரம் எட்டாத ஊர்கள் உள. அங்குள்ள தொண்டர் தம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, கதிரொளித் தகடு வைத்திருக்கும் கடைத்தெருக் கடைக்கு நடந்து சென்று, சிறு கட்டணம் கொடுத்து மின்னேற்றக் கொடுத்துவிட்டு வருவார். அது திரும்பக் கைக்கு வரும்வரை அன்றைய பாடம் காத்திருக்கும்.